அய்யலூர் ஆட்டுச் சந்தை ஆர்க்டிக் கடலுக்குப் போகுமா? மேப் படிப்பவர்களை மலைக்க வைக்கும் 16 சங்கதிகள்!

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி ரோட்டில் கிளம்பி, வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை விடியும் முன்பே ஆடும் கோழியும் குவிகிற சந்தை, சீசனில் லோடு லோடாக இறங்குகிற தக்காளி, லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிற வண்டிக் கருப்பணசாமி. இந்த ஊர் மாணவி ஒருத்தி, கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஓடுகிற மேப்பைச் செய்யக் கற்றுக்கொள்ளப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பழைய லேப்டாப் ஒன்று, சுமாரான போன் ஒன்று, நெட் கனெக்‌ஷன் ஒன்று. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே அவள் கண் முன்னால் வந்து விழப்போகிற அதிசயங்கள் இருக்கின்றனவே! சோழர் காலம் முதல் செயற்கைக்கோள் வரை, எவரெஸ்ட் முதல் தேவாங்கு வரை… மூச்சுப் பிடித்துக்கொள்ளுங்கள், போகலாம்!

1. இரண்டு எண்கள் இடம் மாறினால் ஊரே பனிக்கடலில் விழும், தெரியுமா?

அய்யலூர் இருப்பது வடக்கே சுமார் 10.47 டிகிரி, கிழக்கே சுமார் 78.17 டிகிரி. மேப் செய்யப் பழகுகிறவர்கள் முதலில் கையில் எடுக்கும் இலவசக் கருவி ‘லீஃப்லெட்’. அது அட்சரேகையை முதலில் கேட்கும், தீர்க்கரேகையை அடுத்து. தகவல்களைச் சேமிக்கிற ‘ஜியோஜேசன்’ கோப்பு இருக்கிறதே, அது நேர் எதிர்! அங்கே தீர்க்கரேகை முதலில் வர வேண்டும்: [78.17, 10.47]. இதை மறந்து மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? வடக்கே 78 டிகிரி, கிழக்கே 10 டிகிரி. அது நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே இருக்கும் கடல்! பனிக்கரடி திரிகிற பிரதேசம். அங்குள்ள லாங்இயர்பியன் ஊருக்கு மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், அலைமேல் நிற்கும் அய்யலூர் ஆட்டுச் சந்தை! உலகம் முழுக்க மேப் படிக்கிற பிள்ளைகள் பலரும் ஒருமுறையாவது செய்கிற பிழை இது.

2. எண் வராமலே போனால்? அதற்கும் ஒரு ‘தீவு’ உண்டு!

இடத்தின் எண்கள் பதிவாகாமல் பூஜ்யம், பூஜ்யம் என்று விழுந்துவிட்டால் அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, பூமத்திய ரேகையும் கிரீன்விச் ரேகையும் வெட்டிக்கொள்கிற கடலில் போய் நிற்கும். உலகமெங்கும் இருந்து தப்பும் தவறுமாகப் பதிவான கடைகளும் வீடுகளும் போட்டோக்களும் அங்கேதான் குவிகின்றன! மேப்காரர்கள் விளையாட்டாக அதற்கு ‘நல் ஐலண்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அங்கே நிஜத்தில் ஒரு பிடி மண் கூடக் கிடையாது. அங்கே வைக்கப்பட்டது வானிலை பார்க்க நங்கூரமிட்ட மிதவை ஒன்றுதான். அதன் பதிவு எண் 13010!

3. உலக மேப்பில் அய்யலூருக்கு ஏற்கெனவே கதவு எண் இருக்கிறது!

மேப்பை விரலால் நகர்த்தும்போது ஒரே பெரிய படம் நகர்வதாகத்தானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! அது சதுரச் சதுரமான டைல்களால் ஆனது. ஒவ்வொன்றும் 256 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம். பூஜ்யம் என்ற முதல் படியில் உலகம் முழுக்க ஒரே டைலுக்குள் அடங்கிவிடும். அங்கே ஒரு புள்ளிக்கு பூமத்திய ரேகையில் 156 கிலோமீட்டர்! ஒரு படி ஜூம் செய்தால் 4 டைல், அடுத்த படியில் 16, அப்புறம் 64. பதினெட்டாவது படிக்கு வரும்போது எத்தனை தெரியுமா? 6,871 கோடியே 94 லட்சத்து 76 ஆயிரத்து 736! அப்போது ஒரு புள்ளி வெறும் 60 சென்டிமீட்டர்.

இத்தனை டைலுக்கும் தனித்தனி எண் உண்டு. எட்டாவது படியில் 8/183/120 என்ற டைலை எடுத்துப் பாருங்கள். மதுரை, திருச்சி, கரூர், பழனி, கொடைக்கானல் எல்லாம் அந்த ஒரே சதுரத்துக்குள் உட்கார்ந்திருக்கும். நடுவாந்திரத்தில் அய்யலூர்! எட்டு என்பது ஜூம் படி, 183 மேற்கில் இருந்து எண்ணி வந்த வரிசை, 120 வடக்கில் இருந்து எண்ணி வந்த வரிசை. இரண்டுமே பூஜ்யத்தில் இருந்து எண்ண ஆரம்பிக்கும். இந்தக் கணக்கைப் பேப்பரில் ஒரு தடவை போட்டுப் பார்த்த மாணவிக்கு, வெப் மேப்பின் பாதி ரகசியம் பிடிபட்டுவிடும்.

4. சோழர்கள் இதைவிட ஜூம் செய்தார்களா?

ராஜராஜ சோழன் ஆட்சியில், கி.பி. 1001 வாக்கில், நாட்டின் நிலம் முழுவதும் அளக்கப்பட்டது. அதை நடத்திய அதிகாரிக்குக் கிடைத்த பட்டம் ‘உலகளந்தான்’. அளந்த கோல் 16 சாண் நீளம். கல்வெட்டுகளில் வருகிற பின்னங்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள்! ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தால் அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர்தான் தேறும். அத்தனை சின்ன இடத்தில் கோலை எங்கே வைப்பது? வயலில் யாரும் அப்படி அளந்திருக்க முடியாது. வரிக் கணக்கைப் பிசகாமல் வகுத்துக்கொண்டே போனதால் வந்த பின்னம் அது. ஆனாலும் பாருங்கள், பதினெட்டாவது ஜூமில் உலகம் உடைகிற துண்டுகளும், ஒரு வேலியைச் சோழர்கள் உடைத்த துண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணிக்கை!

5. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பத்தில் சர்வே பள்ளிக்கூடம்!

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கட் ஆஃப் கணக்குப் போட்டுக் கனவு காண்கிற கிண்டி பொறியியல் கல்லூரி எப்படிப் பிறந்தது தெரியுமா? கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுக்க அல்ல, மெஷின் செய்யச் சொல்லிக்கொடுக்கவும் அல்ல. மேப் போடச் சொல்லிக்கொடுக்க! 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் முயற்சியில், புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கத்தில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. முதல் செட்டில் 8 மாணவர்கள். 1802-ல் இந்திய மகா அளவைப் பணி கிளம்பியபோது, சென்னையில் சர்வே படித்த இளைஞர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். இன்றைக்கும் அதே கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பாடம் நடக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்குத் தனித் துறையே உண்டு. அய்யலூரில் இருந்து அது பஸ் தூரம்தான்!

6. எவரெஸ்ட்டை அளந்த கோடு திண்டுக்கல்லை உரசிப் போகிறது!

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் சங்கிலியை நீட்டினார். பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர். அதை அளக்க எடுத்துக்கொண்டது 57 நாள்! அந்த ஒற்றைக் கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாக நாடு முழுக்க விரிந்தது ‘கிரேட் ட்ரிகனாமெட்ரிகல் சர்வே’. அதன் முதுகெலும்பு, கன்னியாகுமரி முதல் இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீண்ட ‘கிரேட் ஆர்க்’. அது போனது ஏறத்தாழ 78-வது தீர்க்கரேகையை ஒட்டி. மேப்பில் 78-ஐத் தேடுங்கள். திண்டுக்கல் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஓடும்! இந்திய சர்வே துறையின் பழைய டோப்போ ஷீட்டுகளில் கூட இந்தக் கோடுதான் எல்லை. திண்டுக்கல் 58 எஃப் வரிசையில், அய்யலூர் 58 ஜே வரிசையில்!

இந்தச் சர்வேயின் கணக்குகளை வைத்துத்தான் 1852-ல் ராதாநாத் சிக்தார் உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்டுபிடித்தார். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. செயற்கைக்கோள் உதவியோடு 2020-ல் வந்த கணக்கு 8,848.86 மீட்டர். வித்தியாசம் 30 அடிதான்!

இன்னொரு விஷயம். அந்தக் கால இந்திய மேப்புகள் பூமியின் உருவத்துக்கு ‘எவரெஸ்ட் 1830’ என்ற அளவை எடுத்துக்கொண்டன. போன் ஜி.பி.எஸ். எடுத்துக்கொள்வது ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’. இரண்டையும் திருத்தாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், நம் பக்கத்தில் ஒரே கிணறு நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விடும்! மேப் பாடத்தில் ‘டேட்டம்’ என்று மாணவர்களைப் படுத்தி எடுப்பது இதற்காகத்தான்.

7. தஞ்சைப் பெரிய கோவிலில் கயிறு அறுந்த கருவி!

லாம்டன் பயன்படுத்திய தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்தில் இருந்து அது வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘இது அறிவியல் கருவி’ என்று தெரிந்ததும் மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார்களாம்! சமவெளியில் மரங்களுக்கு மேலே தலை தூக்கிப் பார்க்க உயரமான இடம் வேண்டும். டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கோவில் கோபுரங்களின்மேல் ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் சுமார் 6 வாரம் உட்கார்ந்து கையாலேயே அதைச் சரி செய்தார். அன்றைக்கு இடம் காட்ட கோவில் கோபுரம். இன்றைக்கு செல்போன் டவர்!

8. ஒரு சென்ட் நிலத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆயிரம்!

சென்ட் என்று தினமும் பேசுகிறோம். 435.6 சதுர அடி. ஏன் இப்படி ஒரு வினோத எண்? எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் வடிவமைத்த சங்கிலிதான் காரணம்! நீளம் 66 அடி, நூறு கண்ணி. பத்து சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு சென்ட் என்பது சரியாக 1,000 சதுரக் கண்ணி. அடியில் பார்த்தால் கோணல் எண், சங்கிலியில் பார்த்தால் முழு எண்! கிராமத்து சர்வேயர் வரைந்த புலப்படம், பட்டா, சிட்டா எல்லாம் இப்போது தமிழக அரசின் இணையதளத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. மேப் படிக்கிற மாணவி தன் வீட்டுத் தோட்டத்தின் புலப்படத்தை எடுத்து, ‘கியூஜிஸ்’ மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்க்கலாம். வேலியும் கோடும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முறைத்துக்கொள்கின்றன என்று தெரிந்துவிடும். பங்காளிச் சண்டைக்கு நாங்கள் பொறுப்பல்ல!

9. வெப் மேப்புக்கு வயது என்ன?

1993! அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்டீவ் புட்ஸ் என்பவர் இணையத்தில் முதல் மேப்பை ஏற்றினார். ஒவ்வொரு கிளிக்குக்கும் பக்கம் முழுவதும் புதிதாக ஏறும் வரை காத்திருக்க வேண்டும். 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. இழுத்தால் நகர்கிற மேப்! அது பிறந்த இடம் கலிபோர்னியா அல்ல, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இயங்கிய ஒரு சின்ன கம்பெனி. இந்த மேப்புகள் பயன்படுத்துகிற கணக்குக்கு முறையான எண் கிடைக்கும் முன்பு, கோடிங் ஆட்கள் தாங்களே ஒரு எண் வைத்துக்கொண்டார்கள்: 900913. அந்த இலக்கங்களை ஆங்கில எழுத்தாக நினைத்துப் படித்துப் பாருங்கள், ‘கூகுள்’ என்று வரும்! இப்போதைய முறையான எண் 3857. அதன் வேர் 1569-ல் கெரார்டஸ் மெர்கேட்டர் கடலோடிகளுக்காகப் போட்ட படம். 450 ஆண்டுக்கு முந்தைய கப்பல் மேப்தான் இன்று பிரியாணி டெலிவரிக்கு வழி காட்டுகிறது!

அந்தக் கணக்கில் ஒரு வில்லங்கமும் உண்டு. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் உப்பிக்கொண்டே போகும். அய்யலூரில் உப்பல் 2 சதவீதம் கூட இல்லை. நாம் முதலில் பார்த்த அந்தப் பனிக்கடலில் ஏறக்குறைய 5 மடங்கு! கிரீன்லாந்து மேப்பில் இந்தியாவை விழுங்கிவிடும் போலத் தெரிகிறதே, நிஜத்தில் இந்தியா 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து சுமார் 21.66 லட்சம்தான்.

10. ஐன்ஸ்டைன் இல்லையென்றால் ஆப் வழி தவறும்!

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சிக்னல் கையிலுள்ள போனுக்கு வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். அந்தப் பயண நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள் கண்ணில் பட வேண்டும். நேரத்தில் ஒரு மைக்ரோநொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும்! இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே உள்ள கடிகாரம் பூமிக் கடிகாரத்தைவிட நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும். ஈர்ப்பு குறைவதால் 45 கூடும், வேகத்தால் 7 குறையும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்கைப் போட்டு இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். அய்யலூரைத் தேடினால் வடமதுரை வரும்!

நம் நாட்டுக்குச் சொந்தமாகவும் உண்டு. ‘நாவிக்’ வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ல் ஏவப்பட்டது. 2023 மே 29-ல் போன என்.வி.எஸ்.-01, இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது.

11. விண்ணில் இருந்து வரும் செய்திக்கு ஆமை வேகம்!

5ஜி, ஃபைபர் என்று பறக்கிறோமே, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தகவல் அனுப்பும் வேகம் தெரியுமா? நொடிக்கு 50 பிட்! எல்லாச் செயற்கைக்கோள்களின் விவரத்தையும் முழுதாக வாங்க 12.5 நிமிடம் ஆகும். போன் சில நொடிகளில் இடத்தைக் காட்டுவது எப்படி? அந்த விவரத்தை செல்போன் நெட்வொர்க் வழியாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால்தான். சிக்னல் இல்லாத மலைக்காட்டுக்குள் போனை முதன்முதலாக ஆன் செய்தால் திணறுவதன் காரணம் இதுதான்.

12. உங்கள் போன் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறது!

இடத்தைக் கேட்டால் தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு, எட்டு இலக்கம் கொட்டும். ஐந்தாவது இலக்கம் சுமார் 1.1 மீட்டர். ஏழாவது இலக்கம் 1.1 சென்டிமீட்டர். ஆனால் திறந்த வெளியில் சாதாரண போனின் துல்லியமே சுமார் 5 மீட்டர்தான்! ஆட்டின் மூக்கு எங்கே, வால் எங்கே என்று சொல்லும் அளவுக்கு எண் வரும். உண்மையில் ஆடு பக்கத்துத் தொழுவத்தில் நின்றாலும் நிற்கும். ஆறாவது இலக்கத்துக்கு மேல் சேமிக்கிற மாணவரை ஆசிரியர் முறைத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

13. உலகத்தை மாற்றிய பல மேப்புகள் மாணவர்கள் கைவண்ணம்!

2004-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கோஸ்ட், ‘மேப்புக்கு எதற்குக் காசு?’ என்று ஆரம்பித்ததுதான் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இன்று பதிவு செய்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்! பிள்ளைகள் தெருத்தெருவாகத் துரத்திய போகிமான் கோ விளையாட்டின் மேப்பும் 2017 டிசம்பரில் இருந்து இதுதான். செடி, பூச்சி, பறவைகளைப் பதிவு செய்யும் ‘ஐநேச்சுரலிஸ்ட்’, 2008-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலை புராஜெக்ட். நெட் இல்லாத இடத்திலும் போனில் தகவல் சேகரிக்க உதவும் ‘ஓ.டி.கே.’ அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முளைத்தது. உக்ரைன் தலைநகர் கீவ்வில் இருந்து வொலோதிமிர் அகாஃபோன்கின் 2011-ல் வெளியிட்ட லீஃப்லெட் வெறும் 42 கிலோபைட். உங்கள் போன் எடுக்கிற ஒரு செல்ஃபியில் நூறில் ஒரு பங்கு! அதை வைத்து பத்துப் பதினைந்து வரி எழுதினால் நகரும் மேப் தயார்.

14. 99 போனும் ஒரு தள்ளுவண்டியும் சேர்ந்தால் டிராஃபிக் ஜாம்!

மேப்பில் சாலை சிவப்பாவது எப்படி? அந்தச் சாலையில் போகிற போன்களின் வேகத்தை வைத்துத்தான். 2020 பிப்ரவரியில் பெர்லின் கலைஞர் சைமன் வெக்கர்ட், ஒரு சிறு தள்ளுவண்டியில் 99 பழைய போன்களைப் போட்டு ஆளில்லாத தெருவில் மெல்ல இழுத்துக்கொண்டு போன வீடியோவை வெளியிட்டார். மேப்பில் அந்தத் தெரு செக்கச் சிவந்துவிட்டது! வியாழக்கிழமை காலையில் சந்தை வாசலில் நூற்றுக்கணக்கான வியாபாரிகள் போனோடு நின்றால் ஆப் என்ன நினைத்துக்கொள்ளும்? கம்ப்யூட்டருக்கு ‘மெதுவாக நகர்கிற போன்’ மட்டும்தான் தெரியும். அங்கே பேரம் நடக்கிறதா, பஞ்சர் ஒட்டுகிறார்களா என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

15. ‘வடமதுரை’ என்று எழுத மேப்புக்குத் தடுமாற்றம்!

இது பலருக்கும் தெரியாத சங்கதி. பழைய டைல் மேப்புகளில் எழுத்து படமாகவே வந்துவிடும், பிரச்சினை இல்லை. புதிய ‘வெக்டர்’ மேப்புகள் எழுத்தை போனிலேயே ஒட்டவைக்கின்றன. அந்த மென்பொருள்களில் முக்கியமானவை ஆங்கிலத்தை மனதில் வைத்து, எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்படி செய்யப்பட்டவை. தமிழில் ‘ரை’ எழுதும்போது ஐகாரக் குறி முன்னால் வந்து உட்கார வேண்டும். கம்ப்யூட்டரின் சேமிப்பிலோ அது ரகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. இடம் மாற்றிப் போடத் தெரியாத மேப், குறியைப் பின்னாலேயே தொங்கவிட்டது. ‘கொ’, ‘கோ’ வந்தால் இரட்டைத் திண்டாட்டம்! உலகம் முழுக்க இதைச் சரிசெய்யத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக வேலை பார்த்துவருகிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த கோடிங் மாணவிக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்குமா?

16. மேப்பில் போடக் கூடாததும் உண்டு, போட்டே ஆக வேண்டியதும் உண்டு!

இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் எங்கே இருக்கிறது? நம்ம பக்கத்தில்! 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். அய்யலூர் இருக்கும் வேடசந்தூர் வட்டத்துக் காடுகளும் அதில் அடக்கம். இரவில் டார்ச் வெளிச்சத்தில் பளபளக்கும் கண்களை வைத்துத்தான் தேவாங்கை எண்ணுகிறார்கள். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் மரத்தை மேப்பில் துல்லியமாகப் போட்டால் திருடனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும்! அதனால்தான் ஐநேச்சுரலிஸ்ட்டில் அரிய உயிர்களின் இடத்தை 0.2 டிகிரி சதுரத்துக்குள், அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளமான கட்டத்தில் எங்கோ ஒரு புள்ளியாகக் கலைத்துக் காட்டுகிறார்கள்.

போட்டே ஆக வேண்டியதற்கு உதாரணம் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே தட்டிக் குறிக்கும்படி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் ஒரு மேப்பை வேகவேகமாகக் கட்டி எழுப்பினார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் பதிவாயின. சாதாரண செயற்கைக்கோள் கேமரா மேகத்தைத் தாண்டி அந்தத் தெருமுனையைப் பார்த்திருக்க முடியாது!

அரசாங்கமும் கதவைத் திறந்துவிட்டது. மேப் போட அனுமதி, லைசென்ஸ் என்று அலைந்த காலம் 2021 பிப்ரவரி 15-ல் வந்த புதிய வழிகாட்டுதல்களோடு பெரும்பாலும் முடிந்துபோனது. 2025 மே மாதம் அஞ்சல் துறை ‘டிஜிபின்’னை வெளியிட்டது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்து முகவரி. தோட்டத்து மோட்டார் ரூமுக்கும் விலாசம்! டேராடூனில் இருக்கும் இந்திய தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் இணையவழிப் பாடங்களை இலவசமாக நடத்துகிறது. கியூஜிஸ் இலவசம், லீஃப்லெட் இலவசம், மேப் இலவசம்.

அப்புறம் என்ன குறை? ஊர் தெரிந்த ஆள்தான்! கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எது, மழைக்கு முங்குகிற தரைப்பாலம் எது, மினி பஸ் எங்கே திரும்பும், கோடையிலும் வற்றாத தண்ணீர்த் தொட்டி எது என்று சிட்னிக்கும் கலிபோர்னியாவுக்கும் எப்படித் தெரியும்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சந்தைக்கு ‘வியாழக்கிழமை மட்டும்’ என்று நேரம் குறிக்கக் கூட இடம் உண்டு. அதைக் குறிக்க ஆள் வேண்டும். ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்ற இலவச ஆப்பை ஆண்ட்ராய்டு போனில் போட்டுக்கொண்டு நடந்தால், அதுவே கேள்வி கேட்கும்: இது தார் ரோடா, மண் ரோடா? இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? இந்த இடத்தில் தெருவிளக்கு எரிகிறதா? பதிலைத் தட்டினால் அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறி, சற்று நேரத்தில் உலகத்தின் எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் அந்தப் பதில் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம் போதும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போங்கள்!